கடலோர உணவும் இதயமும் – 9: குலைந்த திருவுளச்சீட்டு

கிரீட் தீவின் உழவர்கள் தம் அன்றாட ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கொழுப்பிலிருந்தே பெற்றுவந்தபோதிலும் இதய நோயால் மிக அரிதாகவே மாண்டார்கள்; ஏறக்குறைய அதே அளவு கொழுப்பை வெண்ணெயாகவும் பாலாகவும் இறைச்சியாகவும் உண்டுவந்த கிழக்குப் பின்லாந்தின் ஆண்களோ நடுவயதிலேயே கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். 1958இல் தொடங்கிய ஆன்செல் கீஸின் ஏழு நாடுகள் ஆய்வு, 12,763 ஆண்களைப் பின்தொடர்ந்து இந்த வேறுபாட்டை உலகின் முன் வைத்த வரலாறு இத்தொடரின் முற்பகுதிகளில் விரிவாகக் கூறப்பட்டது.

ஆயினும் கீஸ் செய்தது கவனித்துப் பதிவுசெய்யும் பணி மட்டுமே. கிரீட்டின் உழவர் ஆலிவ் எண்ணெயால் காக்கப்பட்டாரா, மலைச்சரிவில் நாள்தோறும் நடந்ததால் காக்கப்பட்டாரா, இரண்டும் சேர்ந்து காத்தனவா என்ற வினாவுக்கு அவ்வகை ஆய்வால் முடிவான விடை தர இயலாது.

பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் த லோர்ஜெரிலும் செர்ஜ் ரெனோவும் நடத்திய சோதனை, ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பைக் கண்டு பிழைத்த 605 பேரைக் கொண்டு 1994இல் வியக்கத்தக்க விடையொன்றை அளித்தது என்றாலும், அதன் அளவு சிறிது. அது பாதி வழியில் நிறுத்தப்பட்ட சோதனையும்கூட. பிறகு 2006இல், அமெரிக்காவில் 48,835 பெண்களைச் சேர்த்து நடந்த மாபெரும் சோதனை, கொழுப்பைப் பொதுவாகக் குறைத்து உண்பது இதய நோயைத் தடுக்கவில்லை என்று அறிவித்து, அரை நூற்றாண்டு மருத்துவ அறிவுரையின் அடித்தளத்தையே அசைத்தது.

நோய் இன்னும் தொடாத உடலில், முதல் மாரடைப்பையும் முதல் பக்கவாதத்தையும் உணவு தடுக்குமா? சென்ற பகுதி இந்த வினாவோடு முடிந்தது. அதற்கு விடை தேடிப் புறப்பட்ட நாடு ஸ்பெயின்.

ஏழாயிரம் பேரும் ஒரு குப்பி எண்ணெயும்

பார்சிலோனாவின் கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ராமோன் எஸ்ட்ரூச், எமிலியோ ரோஸ் ஆகியோரும், பம்ப்லோனாவின் நவார்ரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிகெல் ஆன்ஹெல் மார்த்தினெஸ் கொன்சாலெஸும் முன்னின்று நடத்திய அச்சோதனைக்கு ‘பிரெடிமெட்’ என்று பெயர். மத்தியதரைக் கடல் உணவால் நோய் தடுத்தல் என்ற பொருளுடைய ஸ்பானியத் தொடரின் சுருக்கம் அது.

2003 அக்டோபரில் தொடங்கி 2009 ஜூன் வரை, 11 மையங்களின் வழியாக, 55 முதல் 80 வயது வரையுள்ள 7,447 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் எவருக்கும் அதுவரை இதய நோயோ பக்கவாதமோ வந்ததில்லை. ஆனால் நீரிழிவோ, அது இல்லையெனில் உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், மிகை உடல் எடை, கெட்ட கொலஸ்ட்ரால், குடும்ப வழி நோய் வரலாறு போன்றவற்றுள் குறைந்தது மூன்றோ இருந்தமையால், அவர்கள் அனைவரும் ஆபத்தின் விளிம்பில் நின்றவர்கள்.

இவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவினருக்கு மத்தியதரைக் கடல் உணவுமுறை கற்பிக்கப்பட்டு, குடும்பத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரு லிட்டர் வீதம் முதல்தர ஆலிவ் எண்ணெய், அதாவது வேதிப்பொருளோ சூடோ சேர்க்காமல் பழத்தைப் பிழிந்து மட்டுமே எடுக்கப்படும் எண்ணெய், இலவசமாக அளிக்கப்பட்டது. இரண்டாம் குழுவினருக்கு அதே உணவுமுறையோடு நாளொன்றுக்கு 30 கிராம் கொட்டைகள், அவற்றுள் பாதி அக்ரூட், மீதி பாதாமும் ஹேசல்நட்டும், வழங்கப்பட்டன. மூன்றாவதாகிய ஒப்பீட்டுக் குழுவினருக்கு உணவில் கொழுப்பைக் குறைக்குமாறு அறிவுரை மட்டும் தரப்பட்டது; எண்ணெயோ கொட்டையோ இல்லை, சிறு அன்பளிப்புப் பொருள்கள் மட்டும் உண்டு.

மத்தியதரைக் கடல் உணவு என்று அவர்கள் கற்பித்தது எது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வாரம் மூன்று முறையேனும் பயறும் கொண்டைக்கடலையும் போன்ற பருப்பு வகைகள், மூன்று முறையேனும் மீன், நாள்தோறும் காய்களும் பழங்களும், சிவப்பிறைச்சிக்குப் பதிலாகக் கோழி, வெண்ணெய்க்குப் பதிலாக ஆலிவ் எண்ணெய். இவற்றோடு தக்காளி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றை ஆலிவ் எண்ணெயில் மெல்லிய தீயில் வதக்கிச் செய்யும் ‘சொஃப்ரித்தோ’ என்ற குழம்பு வாரம் இருமுறையேனும் உண்டார்களா என்பதும் வினாப்பட்டியலில் இருந்தது. பாட்டிமார் சமைத்ததையே மருத்துவர்கள் 14 வினாக்களாக எழுதிக் கேட்டார்கள் எனலாம்.

சொன்னதைச் செய்தார்களா என்பதை வாய்மொழியாக மட்டும் நம்பிவிடாமல், சிலருடைய சிறுநீரில் ஆலிவ் எண்ணெயின் தடயமாகிய ஹைட்ராக்சிடைரோசால் என்ற சேர்மத்தையும், இரத்தத்தில் அக்ரூட்டின் தடயமாகிய ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தையும் அளந்து பார்த்தார்கள். அந்த அளவுக்குக் கவனமாகத் திட்டமிடப்பட்ட சோதனையில்தான், எவரும் எதிர்பாராத இடத்தில் ஓட்டை விழுந்தது.

சீட்டின் நியாயம்

அந்த ஓட்டையைப் புரிந்துகொள்வதற்கு, எவர் எந்தக் குழுவில் சேர்வது என்பது எவ்வாறு முடிவாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

மருத்துவர் தேர்ந்தெடுத்தால், தம்மை அறியாமலேயே ஆர்வமுள்ளவரை எண்ணெய்க் குழுவிலும் நலிந்தவரை வேறொன்றிலும் சேர்த்துவிடக்கூடும். பங்கேற்பவரே தேர்ந்தெடுத்தால், உடல்நலத்தில் அக்கறை மிகுந்தவர்கள் ஒரே பக்கம் குவிந்துவிடுவார்கள். இவ்விரண்டையும் தவிர்க்க, மனித விருப்பத்துக்கு இடமே தராமல், திருவுளச்சீட்டு எடுப்பதைப் போல ஒவ்வொருவரையும் தற்செயலின் கையில் ஒப்படைப்பதே சமவாய்ப்பு முறை எனப்படுகிறது.

இதன் சிறப்பு, அறிந்த காரணங்களைச் சமன்செய்வதில் மட்டும் இல்லை. எவரும் அளந்து பார்க்காத காரணங்களும், பெயரே சூட்டப்படாத காரணங்களும் எல்லாக் குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடுகின்றன. அதன்பின் குழுக்களுக்கிடையே வேறுபாடு தோன்றினால், அதற்கு உணவைத் தவிர வேறொன்றைக் காரணமாகக் காட்டுவது அரிது. கீஸின் ஆய்வு எட்டிப்பிடிக்க முடியாதிருந்த உறுதியை ஸ்பானியச் சோதனைக்கு அளித்தது இந்தச் சீட்டு ஒன்றுதான். சீட்டு குலைந்தால் அந்த உறுதியும் உடன் குலையும்.

கொண்டாட்டம்

2011 ஜூலையில், இடைக்காலக் கணக்கைப் பார்த்த சுயேச்சையான கண்காணிப்புக் குழு, நன்மை தெளிவாகத் தெரிவதால் சோதனையை நிறுத்திவிடலாம் என்று பரிந்துரைத்தது. பங்கேற்றவர்கள் பின்தொடரப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு அப்போது 4.8 ஆண்டுகள்.

2013 பிப்ரவரி 25 அன்று, கலிபோர்னியாவின் லோமா லிண்டா நகரில் கூடிய மாநாட்டில் முடிவுகள் வெளியிடப்பட்டன. அதே நாளில், மருத்துவ உலகில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழிலும் கட்டுரை வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயக் குருதிநாள நோயால் இறப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணியபோது, எண்ணெய்க் குழுவில் 96 பேரும், கொட்டைக் குழுவில் 83 பேரும், ஒப்பீட்டுக் குழுவில் 109 பேரும் பாதிக்கப்பட்டிருந்தனர். குழுக்கள் அளவில் சற்றே வேறுபட்டிருந்தமையால் அதற்கேற்பக் கணக்கிட்டபோது, கடலோர உணவு ஆபத்தை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்ததாகத் தெரிந்தது.

உலகெங்கும் நாளிதழ்கள் இந்த 30 என்ற எண்ணையே தலைப்பாக்கின. அதே முடிவை வேறுவிதமாகவும் சொல்லலாம்: ஆயிரம் பேரை ஓராண்டு பின்தொடர்ந்தால், ஒப்பீட்டுக் குழுவில் ஏறத்தாழ 11 பேருக்கு நேர்ந்த கேடு, கடலோர உணவு உண்டோரில் ஏறத்தாழ 8 பேருக்கு நேர்ந்தது. இரண்டும் உண்மையே. ஆனால் இரண்டாவது எண்ணையும் வாசகர் முன் வைப்பதே நேர்மை. ஏனெனில் ஆயிரத்தில் மூன்று கேடுகள் தவிர்க்கப்படுவது சிறிதன்று என்றாலும், உணவை மாற்றிய ஒவ்வொருவரும் காப்பாற்றப்பட்டுவிடுவார் என்ற மயக்கத்தை அது தருவதில்லை.

மூன்று கேடுகளையும் தனித்தனியே பார்த்தபோது, தெளிவான குறைவு பக்கவாதத்தில் மட்டுமே காணப்பட்டது என்பதும், எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த இறப்புகளில் குழுக்களிடையே தெளிவான வேறுபாடு இல்லை என்பதும் கட்டுரைக்குள்ளேயே இருந்தன. கொண்டாட்டத்தின் ஓசையில் அவை பலருடைய செவியில் விழவில்லை.

டார்க்கீ நகரத்து மருத்துவர்

நான்கு ஆண்டுகள் கழிந்தன.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் உள்ள டார்க்கீ நகரின் மருத்துவமனையொன்றில், அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் பணியில் இருந்தவர் ஜான் கார்லைல். ஆலிவ் எண்ணெய்க்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளில் பங்கேற்றோரின் வயது, எடை போன்றவற்றைக் குழுவாரியாகத் தரும் முதல் அட்டவணையை மட்டும் வைத்து அவற்றின் உண்மையைச் சோதிக்கும் முறையொன்றை அவர் உருவாக்கியிருந்தார். தம் துறையைச் சேர்ந்த ஜப்பானிய ஆய்வாளர் ஒருவரின் 168 சோதனைகளை அம்முறையால் அலசி, அவற்றின் எண்கள் இயற்கையாக அமைந்திருக்க வாய்ப்பில்லை என்று 2012இலேயே காட்டியிருந்தார்.

முறையின் அடிப்படை எளிது. திருவுளச்சீட்டு நேர்மையாக எடுக்கப்பட்டிருந்தால், குழுக்களின் சராசரி வயது, உயரம், எடை ஆகியவை முற்றிலும் ஒன்றாகவும் இருக்காது, பெரிதும் விலகியும் இருக்காது. தற்செயலுக்கே உரிய அளவான வேறுபாடு அவற்றிடையே இருக்கும். அந்த வேறுபாடு மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருந்தால், எங்கோ ஒரு கை புகுந்திருக்கிறது, அல்லது எண்கள் பிழையாக அச்சாகியிருக்கின்றன என்று பொருள்.

எட்டு மருத்துவ இதழ்களில் 15 ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்த 5,087 சோதனைகளை இவ்வாறு கணக்கிட்டு, 2017 ஜூனில் ‘அனஸ்தீசியா’ இதழில் அவர் வெளியிட்டார். ஐயத்துக்குரியவை என்று அதில் தனித்துத் தெரிந்த சோதனைகளுள் பிரெடிமெட்டும் ஒன்று.

கிராமத்தில் நேர்ந்தது

இவ்வரலாற்றின் திருப்புமுனை இங்கே இருக்கிறது. மார்த்தினெஸ் கொன்சாலெஸ் கார்லைலின் கட்டுரையைப் படித்தார். குறிக்கப்பட்ட சோதனைகளிடையே தம் சோதனையும் இருப்பதைக் கண்டார். புள்ளியியல் முறையைக் குறைகூறி மறுப்புக் கடிதம் எழுதிவிட்டு அமைதியாக இருந்திருக்கலாம். அம்முறை ஐயம் கொண்ட சில கட்டுரைகளில் உண்மையில் அச்சுப்பிழை தவிர வேறு குற்றம் இல்லை என்பதால், அத்தகைய மறுப்பு எளிதில் ஏற்கப்பட்டும் இருக்கும். அவ்வாறு செய்யாமல், இதழின் ஆசிரியர்களோடு தொடர்புகொண்டு, 14 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பதிவேடுகளை மையம் மையமாக, கிளினிக் கிளினிக்காகத் திரும்பப் புரட்டும் வேலையை ஸ்பானிய ஆய்வாளர்கள் மேற்கொண்டனர்.

அதில் வெளிவந்தவை முக்கியமாக இரண்டு.

முதலாவது, வீடு. ஏற்கெனவே சோதனையில் சேர்ந்த ஒருவரின் கணவரோ மனைவியோ வீட்டில் உள்ள வேறொருவரோ பிறகு சேர்ந்தபோது, அவருக்குத் தனியாகச் சீட்டு எடுக்காமல், முன்னவர் இருந்த குழுவிலேயே அவரையும் சேர்த்துவிட்டார்கள். ஒரே அடுப்பில் இருவேறு சமையல் நடக்காது என்பது அனைவருக்கும் தெரிந்ததே. அதனால் எவரும் இதைப் பிழையாகவே கருதவில்லை. இவ்வாறு சேர்ந்தோர் 425 பேர். ஆயினும் 2013ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது, ஊர். ஒரு மையத்தின் கீழிருந்த சிற்றூர்களில், ஒருவருக்கு வாரந்தோறும் நல்ல எண்ணெய் வீடு வந்து சேர்கிறது, அவருடைய அண்டை வீட்டாருக்கோ அறிவுரை மட்டுமே கிடைக்கிறது என்ற நிலை மனக்குறையை வளர்த்தது. ஒருவரையொருவர் அறிந்த மக்கள் வாழும் ஊரில் இது இயல்பே. முறையீடுகளைக் கேட்ட ஆய்வாளர் ஒருவர், இனி ஒரு கிளினிக்குக்கு வருவோர் அனைவருக்கும் ஒரே வகை உணவு என்று தாமாகவே முடிவெடுத்தார். தலைமைக் குழுவுக்கு அதைத் தெரிவிக்கவில்லை.

அவர் பொய் எண் எதையும் எழுதவில்லை, ஆதாயம் எதையும் தேடவில்லை. மக்களின் மனத்தாங்கலைத் தீர்க்கவே அவ்வாறு செய்தார். ஆனால் அந்தக் கணத்தில் திருவுளச்சீட்டு தனி மனிதரிடமிருந்து பறிக்கப்பட்டு, ஊரின் கைக்குப் போய்விட்டது. ஓர் ஊர் முழுவதும் எண்ணெய்க் குழுவில் இருந்தால், அவ்வூர் மருத்துவரின் திறமை, மருத்துவமனைக்கும் ஊருக்கும் உள்ள தொலைவு, அங்குள்ளோரின் தொழில், வருவாய் ஆகிய யாவும் எண்ணெயோடு சேர்ந்தே ஒரு பக்கம் போய்விடுகின்றன. பிறகு அங்கே பக்கவாதம் குறைந்தால், அது எண்ணெயின் பயனா, ஊரின் பயனா என்று பிரித்தறிய வழியில்லை. அத்துடன், ஓர் ஊரின் நூறு பேரை நூறு தனித்தனிச் சீட்டுகளாக எண்ணுவதும் தவறாகிவிடுகிறது.

இந்த மனக்குறை எவ்வளவு ஆழமானது என்பதற்கு வேறொரு தடயம் பழைய கட்டுரையிலேயே இருந்தது: ஒப்பீட்டுக் குழுவிலிருந்து 11.3 விழுக்காட்டினர் விலகிப்போயிருந்தனர். மற்ற இரு குழுக்களிலும் விலகியோர் 4.9 விழுக்காடு மட்டுமே. வெறுங்கையோடு அனுப்பப்பட்டவர்கள் சோதனையை விட்டே அகன்றுகொண்டிருந்தார்கள் என்பதை அந்த எண் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது.

மற்றொரு மையத்தில் சமவாய்ப்பு அட்டவணையைப் பயன்படுத்திய விதத்திலும் ஐயம் எழுந்தது. எல்லாம் சேர்ந்து, சீட்டு குலைந்தவர்கள் என்று தெரிந்தோ ஐயப்பட்டோ குறிக்கப்பட்டவர்கள் 1,588 பேர். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்.

2018 ஜூன் 13

அன்று, ஐந்தாண்டுகளாக உலகம் மேற்கோள் காட்டிவந்த கட்டுரையை ஆசிரியர்களே திரும்பப் பெற்றனர். அதே நாளில், அதே இதழில், திருத்திய கணக்கோடு புதிய கட்டுரையும் வெளியாயிற்று.

புதிய கணக்கில் வீடுகளும் கிளினிக்குகளும் தனித்தனிக் கொத்துகளாகக் கருதப்பட்டன. எண்ணெய்க் குழுவின் ஆபத்து ஒப்பீட்டுக் குழுவினுடையதில் 69 விழுக்காடு என்றும், கொட்டைக் குழுவினுடையது 72 விழுக்காடு என்றும் வந்தது. அதாவது பழைய முடிவோடு ஏறத்தாழ ஒத்ததே. ஐயத்துக்குரிய 1,588 பேரையும் முற்றிலும் நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் முடிவு ஏறத்தாழ அதே திசையிலும் அளவிலும் நின்றது.

மாறியது எண்ணைவிடச் சொல். மத்தியதரைக் கடல் உணவு நோயைக் குறைத்தது என்று பழைய கட்டுரை காரணமும் விளைவுமாக முடிவுரைத்திருந்தது. புதிய கட்டுரையோ, அவ்வுணவுக்கு ஒதுக்கப்பட்டவர்களிடையே நோய் நிகழ்வுகள் குறைவாக இருந்தன என்று மட்டும் கூறி நிறுத்திக்கொண்டது. பொது வாசகருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். ஆய்வுலகில் இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது.

திறனாய்வாளர்களின் கேள்விகள் அத்தோடு ஓயவில்லை. நன்மை தெரிகிறது என்று இடையில் நிறுத்தப்படும் சோதனைகள் நன்மையை மிகைப்படுத்திக் காட்டும் இயல்புடையவை என்பது ஒன்று. கொழுப்பைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்ட ஒப்பீட்டுக் குழுவினரின் உணவில், கொழுப்பின் பங்கு 39 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காட்டுக்கு மட்டுமே இறங்கியது என்பது மற்றொன்று. ஆகவே பிரெடிமெட், கடலோர உணவையும் கொழுப்புக் குறைந்த உணவையும் ஒப்பிட்டது என்பதைவிட, கூடுதலாக எண்ணெயும் கொட்டையும் சேர்த்த கடலோர உணவை வழக்கமான ஸ்பானிய உணவோடு ஒப்பிட்டது என்பதே பொருந்தும்.

இத்தனைக்குப் பிறகும், இச்சோதனையைப் பொய்யென்று ஒதுக்குவது நியாயமாகாது. மறைத்திருந்தால் எவரும் அறிந்திருக்க மாட்டாத குறைகளைத் தாமே தோண்டி எடுத்து, தம் வாழ்நாள் உழைப்பின் தலைசிறந்த கட்டுரையின் மேல் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரையைக் குத்த இசைந்தவர்களின் கணக்கு, அந்த முத்திரைக்குப் பிறகுதான் கூடுதல் நம்பிக்கைக்கு உரியதாகிறது. அது முடிவான சான்று என்ற இடத்திலிருந்து இறங்கியது. வலுவான சான்று என்ற இடத்தை இழக்கவில்லை.

கொர்தோபாவை நோக்கி

பார்சிலோனாவின் பதிவேடுகள் புரட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், தெற்கு ஸ்பெயினின் ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே உள்ள கொர்தோபா நகரின் ரெய்னா சோஃபியா பல்கலைக்கழக மருத்துவமனையில், இன்னொரு சோதனை ஓசையின்றி நடந்துகொண்டிருந்தது. இதயத் தமனி நோய் ஏற்கெனவே பற்றிய 1,002 பேர் அதில் சேர்ந்திருந்தனர்.

அங்கே திருவுளச்சீட்டு மருத்துவர்களின் கையில் இல்லை. ஆண்டலூசியப் பொதுச் சுகாதாரக் கல்வி நிறுவனம் வெளியிலிருந்து அதை நடத்தியது. ஒரு குழுவுக்கு எண்ணெய் இலவசமாகக் கிடைத்தபோது, கொழுப்பைக் குறைத்து உண்ணும் மறு குழுவுக்கும் அதற்குரிய உணவுப்பொருள்கள் இலவசமாக வழங்கப்பட்டன. ஆகவே அண்டை வீட்டாரைப் பார்த்து மனம் புழுங்க அங்கே இடமில்லை. பின்தொடர்வதற்கு வகுக்கப்பட்ட காலமோ ஏழு ஆண்டுகள்.

சீட்டு குலையாமல், கைகள் இரண்டும் நிறைந்திருக்க, ஏழு ஆண்டுகள் முழுமையாகக் காத்திருந்தபின், கிரீட்டின் உழவர் உண்ட உணவு நோயுற்ற இதயத்தையும் காத்ததா?

(அடுத்த வாரம் தொடரும்)